முகச் சுருக்கத்துக்கு ஊசியா? ஒரு நிமிஷம்!

போன பங்குனியில் ஒரு அம்மா வந்தார். ஆரணிப் பட்டு வியாபாரக் குடும்பம், வயது ஐம்பத்திரண்டு. மூட்டு வலிக்குத் தைலம் வாங்கிக்கொண்டு கிளம்பும்போது தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"சார், பொண்ணுக்கு வைகாசியில கல்யாணம். நெத்திச் சுருக்கம் போக ஊசி இருக்காமே? இங்க ஒரு பியூட்டி பார்லர்ல ஞாயித்துக்கிழமை ஆள் வந்து போடறாங்களாம். அஞ்சு பேர் சேர்ந்தா பாதி ரேட்டு. முன்பணம்கூட குடுத்துட்டேன்."

"போடறது டாக்டரா?"

"தெரியலையே சார்."

"நீங்க என்ன மாத்திரை சாப்பிடறீங்கன்னு கேட்டாங்களா?"

"இல்ல சார். கேஷா, ஜிபேயான்னுதான் கேட்டாங்க."

அவர் இதயத்துக்காக ஆஸ்பிரின் சாப்பிடுகிறவர். அந்த மாத்திரை எடுப்பவருக்கு ஊசி குத்திய இடத்தில் ரத்தம் கட்டிக்கொள்ள வாய்ப்பு அதிகம். ஊசிக்காக அதைத் தானாக நிறுத்தினால் இன்னும் பெரிய ஆபத்து.

இந்த ஊசி மருந்து போட்டுலினம் டாக்ஸின். 'போடாக்ஸ்' என்பது ஒரு கம்பெனி வைத்த பெயர்தான். வேறு பெயர்களிலும் கிடைக்கிறது. கெட்டுப்போன டின் உணவில் வளரும் ஒரு கிருமி சுரக்கும் நஞ்சு இது. நஞ்சு என்றதும் பதற வேண்டாம். சேராங்கொட்டையைச் சுத்தி செய்து மருந்தாக்கும் எங்களுக்கு இது புதிதல்ல. எல்லாம் அளவில்தான் இருக்கிறது. அமெரிக்காவில் 1989-ல் மாறுகண்ணுக்கும் இமைத் துடிப்புக்கும் இதற்கு அனுமதி கிடைத்தது. கனடாவில் ஜீன் கரதர்ஸ் என்ற கண் டாக்டர் இமைத் துடிப்புக்குப் போட்டபோது, நோயாளியின் புருவ மத்தியில் இருந்த சுருக்கமும் மறைந்ததைக் கவனித்தார். அவரும் தோல் டாக்டரான கணவரும் அதை 1992-ல் எழுதினார்கள். 2002-ல் சுருக்கத்துக்கும் அமெரிக்காவில் அனுமதி வந்தது.

நரம்பு தசைக்கு அனுப்பும் 'சுருங்கு' என்ற தகவலை மருந்து தடுக்கிறது. தசை ஓய்கிறது, மேலே தோல் விரிகிறது. இரண்டு மூன்று நாளில் பலன் ஆரம்பித்து, இரண்டு வாரத்தில் முழுதாகத் தெரியும். மூன்று நான்கு மாதத்தில் தேய்ந்துவிடும். தொங்கிப்போன கன்னத்துக்கு இது உதவாது. தப்பான இடத்தில் இறங்கி இமை தொங்கினால் உடனே சரிசெய்ய மாற்று ஊசியும் கிடையாது. வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டியதுதான். அதனால் கல்யாணத்துக்கு நாலு நாள் முன்பு போடுவது சுத்தப் பைத்தியக்காரத்தனம். குறைந்தது ஒரு மாத இடைவெளி வேண்டும்.

பார்லரில் போட்டால் என்ன என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். 2016 மே மாதம் சென்னையில் முடி நடும் சிகிச்சைக்குப் போன ஒரு மருத்துவக் கல்லூரி மாணவர், உடல்நிலை மோசமாகி வேலூரில் இறந்தார். சிகிச்சை நடந்த இடத்துக்கு முடிதிருத்தும் நிலைய அனுமதிதான் இருந்தது என்று பிறகு தெரிந்தது. மருத்துவம் படித்த பிள்ளைக்கே அந்த கதி! சுருக்க ஊசியிலும் நடந்திருக்கிறது. 2004-ல் அமெரிக்காவின் ஃபுளோரிடாவில், லைசென்ஸ் முடக்கப்பட்டிருந்த ஒரு டாக்டர், ஆய்வுக்கூடத்துக்கென்று விற்ற நஞ்சைத் தனக்கும் வேறு மூவருக்கும் போட்டார். நால்வரையும் வென்டிலேட்டரில் வைக்க வேண்டியதாயிற்று. 2024-லும் அங்கே போலி மருந்தாலும் தகுதியில்லாதவர் போட்ட ஊசியாலும் 11 மாநிலங்களில் 22 பேர் பாதிக்கப்பட்டார்கள். பலர் வீட்டிலோ ஸ்பாவிலோ போட்டுக்கொண்டவர்கள்.

நம் சட்டப்படி பூசுவது, தெளிப்பதுதான் அழகு சாதனம். ஊசியில் ஏற்றினால் அது மருந்து; அதற்கு டாக்டர் வேண்டும். தோல் மருத்துவத்தில் எம்.டி. போன்ற மேற்படிப்போ, பிளாஸ்டிக் சர்ஜரிப் படிப்போ உள்ளவரைத் தேடுங்கள். 'காஸ்மெட்டாலஜிஸ்ட்' என்ற போர்டை மட்டும் நம்ப வேண்டாம். சில நாள் வகுப்பில் சான்றிதழ் வாங்கியவரும் அப்படிப் போட்டுக்கொள்கிறார். டாக்டரின் பதிவு எண்ணைக் கேட்டால் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலில் சரிபார்க்கலாம். கிளினிக்குக்கும் 1997-ம் வருஷச் சட்டப்படி பதிவுச் சான்றிதழ் உண்டு; கண்ணில் படும்படி மாட்டியிருக்க வேண்டும். கேட்டதற்கு முகம் சுளித்தால் திரும்பி வந்துவிடுங்கள்.

அந்த அம்மாவிடம் சொன்னேன்: "ஜரிகையை உரசிப் பார்க்காம வாங்குவீங்களா? முகத்துல ஏத்தறதைப் பார்க்காம விடலாமா?" மருந்துக் குப்பியை உங்கள் கண் முன்னால் பிரிக்கச் சொல்லுங்கள். உள்ளே தூளாக இருக்கும். உப்பு நீரில் கரைப்பார்கள். ஃபிரிட்ஜில் 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டிய சரக்கு, பையில் போட்டு பஸ்ஸில் வந்தால் எப்படி? கம்பெனி பெயர், பேட்ச் எண், காலாவதித் தேதி, போட்ட யூனிட் எல்லாம் ரசீதில் வரட்டும். ஒரு கம்பெனி யூனிட்டும் இன்னொரு கம்பெனி யூனிட்டும் ஒன்றல்ல. பாதி ரேட் என்றால், அதிகத் தண்ணீர் சேர்த்ததா, நேற்று கரைத்த மிச்சமா என்று சந்தேகப்படுவதில் தப்பில்லை.

கர்ப்பிணிகளும் பால் கொடுப்பவர்களும் போடக்கூடாது. மயஸ்தீனியா போன்ற தசைத் தளர்ச்சி நோய் இருப்பவர்களுக்கும் ஆகாது. நல்ல டாக்டர் இதையெல்லாம் ஊசியை எடுக்கும் முன்பே கேட்டுவிடுவார்.

எங்கள் ஆட்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். முகத்தில் இந்த ஊசி போடும் பயிற்சி சித்த மருத்துவப் படிப்பில் கிடையாது. பி.எஸ்.எம்.எஸ். படித்தவர் கூப்பிட்டாலும் போகாதீர்கள். 'மூலிகை போடாக்ஸ்' என்று வரும் கிரீம் தோலை மிருதுவாக்கலாம். அடியில் இருக்கும் தசையை ஓயவைக்காது.

அந்த அம்மா ஞாயிற்றுக்கிழமைக்குப் போகவில்லை, முன்பணமும் திரும்பவில்லை. வேலூரில் தோல் டாக்டரைப் பார்த்தார். அவர் முதலில் கண்ணைச் சோதிக்கச் சொன்னாராம். கண்ணாடி இல்லாமல் வருஷக்கணக்காகப் பட்டு இழையை இடுக்கி இடுக்கிப் பார்த்ததில் புருவ மத்தியில் கோடு ஆழமாகியிருந்தது. கண்ணாடி போட்டார். இதய டாக்டரிடமும் கேட்டுவிட்டு, கல்யாணத்துக்கு ஐந்து வாரம் முன்பு புருவ மத்தியில் மட்டும் போட்டுக்கொண்டார்.

ஊசிக்குப் பிறகு சில மணி நேரம் அந்த இடத்தைத் தேய்க்கக் கூடாது; அன்று ஃபேஷியல் வேண்டாம். விழுங்க முடியாமை, பேச்சுக் குழறல், இரட்டைப் பார்வை, மூச்சுத் திணறல் இவற்றில் ஒன்று வந்தாலும், ஊசி போட்டுச் சில வாரம் ஆகியிருந்தாலும், உடனே பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். ரசீதையும் கையோடு எடுத்துப் போங்கள். எந்த மருந்து, எத்தனை யூனிட் என்று அங்குள்ள டாக்டர் முதலில் கேட்பார்.