பாட்டியின் பாட்டுக்கு எந்த மைக்?

என் கணினியில் ஒரே பாட்டின் இரண்டு பதிவுகள் இருக்கு. ரெண்டுமே கொல்லிமலையில், ஒரே வீட்டில், ஒரே பாட்டி பாடினது. முதல் பதிவில் பாட்டு முழுசா இருக்கு, ஆனா மூணு இடத்தில் வார்த்தை புரியாது. ரெண்டாவது பதிவில் ஒவ்வொரு எழுத்தும் தெளிவா கேட்கும், ஆனா பாட்டு முழுசா இல்லை. இதில் விலை கூடின மைக்கில் எடுத்தது முதல் பதிவுதான். அது ஏன் அப்படி ஆச்சு என்று யோசித்ததில் கிடைத்ததுதான் இந்தக் குறிப்பு. பாட்டோ பேச்சோ பதிவு செய்ய கண்டென்சர் மைக் வாங்கலாமா என்று யோசிக்கிறவங்களுக்கு உதவும்.

முதலில் இடத்தைச் சொல்லிடறேன். நாமக்கல் பக்கம் காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவு ஏறினால் கொல்லிமலை. கடல் மட்டத்திலிருந்து ஆயிரம் மீட்டருக்கு மேல். மலையில் இருக்கிற பழங்குடி மக்களுக்கு மலையாளிகள் என்று பெயர். கேரளத்துக்கும் அவங்களுக்கும் சம்பந்தம் இல்லை, பேசறது தமிழ். ஒரு காலத்தில் சாமை, தினை, கேழ்வரகு நிறைய விளைந்த மலை இது. பிறகு மரவள்ளிக்கிழங்கு வந்து சிறுதானிய நிலத்தில் பெரும்பகுதியை எடுத்துக்கிச்சு. சாமைக் காடு போனால் சாமைக் காட்டில் களை எடுக்கும்போது பாடின பாட்டுக்கும் வேலை இல்லாமல் போயிடும். நான் பதிவு செய்யப் போனது அப்படி ஒரு பாட்டு. அந்த ஊரில் அதை முழுசா தெரிந்தவர் அந்தப் பாட்டி ஒருத்தர்தான் என்று சொன்னாங்க.

போறதுக்கு முன்னாடி நம்ம எல்லாரும் செய்யறதைத்தான் நானும் செய்தேன். மூணு வாரம் உட்கார்ந்து மைக் விமர்சனமா படிச்சுத் தள்ளினேன். கடைசியில் ஒரு அங்குல டயாஃப்ரம் உள்ள பெரிய கண்டென்சர் மைக் ஒண்ணு வாங்கினேன். பாட்டி அதைப் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி: "இம்புட்டுப் பெருசா இருக்கே தம்பி, ஷாக் அடிக்குமா?"

உள்ளே என்ன நடக்குது

பாட்டி கேட்டதில் தப்பே இல்லை. உள்ளே மின்சாரம் இருக்கத்தான் செய்யுது. கண்டென்சர் என்றால் நாம பிளஸ் டூவில் படித்த மின்தேக்கிதான். சில மைக்ரான் கனமே உள்ள, உலோகம் பூசின ஒரு மெல்லிய சவ்வு. அதுக்குப் பின்னாடி நூலிழை இடைவெளி விட்டு ஒரு உலோகத் தட்டு. ரெண்டுக்கும் நடுவில் மாறாத மின்னூட்டம். குரல் பட்டதும் சவ்வு அசையும், இடைவெளி மாறும், மின்தேக்குத்திறன் மாறும். க்யூ = சிவி ஞாபகம் இருக்கா? க்யூ மாறாமல் சி மாறினால் வி மாறியே ஆகணும். அந்த மின்னழுத்த மாற்றம்தான் ஒலிப்பதிவு. இதுக்குத் தேவையான 48 வோல்ட் மின்சாரம் ரெக்கார்டரிலிருந்து அதே கேபிள் வழியா மைக்குக்குப் போகும். அதைத்தான் ஃபான்டம் பவர் என்கிறாங்க.

மேடையில் கையில் பிடித்துப் பாடுற மைக் வேறு ஜாதி. அது டைனமிக் மைக். அதில் சவ்வோடு ஒரு கம்பிச் சுருள் ஒட்டியிருக்கும், காந்தத்துக்கு நடுவில் அது ஆடும். சுருளின் எடையையும் சேர்த்து அசைக்கணும் என்பதால் அது கொஞ்சம் மந்தம். எண்ணில் சொன்னால், ஒரே சத்தத்துக்கு ஷுர் எஸ்எம்58 கொடுக்கிறது 1.85 மில்லிவோல்ட். ஆடியோ டெக்னிகா ஏடி2020 என்கிற சாதாரண கண்டென்சர் கொடுக்கிறது 14.1 மில்லிவோல்ட். ஏழு மடங்குக்கு மேல். உயர்ந்த அதிர்வெண்களையும் கண்டென்சர் நுணுக்கமா பிடிக்கும். ச, ஸ மாதிரி உரசொலிகளின் கூர்மை எல்லாம் அதில் அப்படியே வரும்.

நான் செய்த தப்புக் கணக்கு

என் தப்பு இங்கேதான் ஆரம்பிச்சது. 'அதிக உணர்திறன்' என்றால் தூரத்திலிருந்தே நல்லா கேட்கும் என்று எடுத்துக்கிட்டேன். பக்கத்தில் கொண்டு போனால் பாட்டி பயந்து பின்னால் சாய்ந்தாங்க. அதனால் மைக்கை ரெண்டு அடி, அதாவது சுமார் 60 சென்டிமீட்டர் தள்ளி வைத்தேன். மீட்டரில் அளவு நல்லா ஏறிச்சு. எனக்கு சந்தோஷம்.

வீட்டுக்கு வந்து கேட்டப்போதான் தெரிந்தது. தகரக் கூரை, சிமெண்ட் தரை, வெறும் சுவர். குரல் எல்லாத்திலும் மோதித் திரும்பி வந்திருக்கு. ஒரு இடத்தில் சேவல் கூவுது. ஒரு இடத்தில் ஜீப் ஹார்ன். இன்னொரு இடத்தில் பாட்டி பேத்தி பக்கம் திரும்பிப் பாடியிருக்காங்க, அந்த வரி சுவருக்குப் போயிடுச்சு. அந்த மூணு இடமும் புரியலை.

உணர்திறன் என்பது குரலையும் கூட்டும், சேவலையும் அதே அளவு கூட்டும். டைனமிக் மைக்கில் வால்யூமைத் திருகி வைத்தால் கிட்டத்தட்ட அதே விகிதம்தான் வரும். குரலுக்கும் சுற்றுச் சத்தத்துக்கும் உள்ள விகிதத்தைத் தீர்மானிக்கிறது ரெண்டே விஷயம்: மைக் எவ்வளவு தூரத்தில் இருக்கு, எந்தத் திசையிலிருந்து வர்றதைக் கேட்குது. தூரத்தைப் பாதியாக்கினால் நேர்க்குரல் 6 டெசிபெல் கூடும். அறையின் சத்தம் அப்படியே இருக்கும். 60 சென்டிமீட்டரை 15 ஆக்கினால் ரெண்டு தடவை பாதி, 12 டெசிபெல் லாபம். எந்த விலை மைக்கும் இதை இனாமா கொடுக்காது.

இன்னொரு எண்ணும் என்னை ஏமாத்திச்சு. ஒவ்வொரு கண்டென்சருக்கும் தனக்குள்ளேயே ஒரு இரைச்சல் உண்டு. ரோட் என்டி1 மைக்கில் அது 4.5 டெசிபெல், ஏடி2020-ல் 20. எண் குறைந்தால் நல்லது என்று நான் 5 டெசிபெல் உள்ளதா பார்த்து வாங்கினேன். பாட்டி வீட்டில் யாரும் பேசாதபோது போன் செயலியை வைத்துப் பார்த்தால் 42 டெசிபெல் காட்டிச்சு. அறையே 42-ல் இருக்கும்போது மைக் 5 ஆ 20 ஆ என்று யாருக்குத் தெரியப் போகுது? ஒலித்தடுப்பு செய்த ஸ்டூடியோவில்தான் அந்தக் காசுக்கு அர்த்தம்.

ஒரு குண்டூசித் தலை அளவு

1902-ல் கிராமஃபோன் கம்பெனிக்காக ஃப்ரெட் கைஸ்பெர்க் கல்கத்தாவில் கௌஹர் ஜானைப் பதிவு செய்தப்போ மைக்கே கிடையாது. ஒரு பெரிய தகரக் குழாய்க்குள் முகத்தை விட்டு உரக்கப் பாடணும். பாடகர்தான் கருவிக்குத் தகுந்தபடி வளைந்தாங்க. 1916-ல் அமெரிக்காவில் வெஸ்டர்ன் எலெக்ட்ரிக்கில் இருந்த ஈ. சி. வென்ட் கண்டென்சர் மைக்கை உருவாக்கினார். 1928-ல் பெர்லினில் நாய்மன் அதை விற்பனைக்குக் கொண்டு வந்தார். 1962-ல் பெல் ஆய்வகத்தில் கெர்ஹார்ட் செஸ்லரும் ஜேம்ஸ் வெஸ்டும் மின்னூட்டத்தை ஒரு பிளாஸ்டிக் படலத்திலேயே நிரந்தரமா தங்க வைத்தாங்க. அதுதான் எலெக்ட்ரெட். கண்டென்சர் மைக் சின்னதாகவும் மலிவாகவும் ஆனது அதனால்தான். செய்தி வாசிக்கிறவங்க சட்டையில் குத்தியிருக்கிற கிளிப் மைக், அதாவது லாவலியர், இந்த வம்சம். அதுவும் கண்டென்சர்தான்.

ரெண்டாவது தடவை மலை ஏறினப்போ பெரிய மைக்கை வீட்டிலேயே விட்டுட்டேன். மேடை மைக் ஒண்ணும் கிளிப் மைக் ஒண்ணும் எடுத்துக்கிட்டுப் போனேன். மேடை மைக்கைக் கையில் கொடுத்தால் பாட்டி அதை வயிற்றுப் பக்கம் உலக்கை மாதிரி பிடிச்சுக்கிட்டாங்க. பாட்டில் கவனம் போகப் போக அது இன்னும் கீழே இறங்கிச்சு. கிளிப் மைக்கைப் பேத்தி அவங்க சேலையில், வாய்க்கு ஒரு சாண் கீழே குத்தி விட்டாள். ரெண்டு நிமிஷத்தில் பாட்டி அதை மறந்துட்டாங்க. கை வீசிப் பாடினாங்க, திரும்பித் திரும்பிப் பாடினாங்க, மைக் கூடவே திரும்பிச்சு.

நேர்மையா கணக்குப் போடணும் இல்லையா? பெரிய மைக் கார்டியாய்டு வகை, முன்பக்கத்தை மட்டும் அதிகம் கேட்கும். கிளிப் மைக் எல்லாத் திசையையும் கேட்கும். சுற்றிலும் பரவலா வர்ற சத்தத்தில் கார்டியாய்டுக்கு சுமார் 4.8 டெசிபெல் சாதகம் உண்டு. தூரத்தால் கிடைத்த 12-ல் அதைக் கழித்தால் மிச்சம் 7 டெசிபெல். கிளிப் மைக்கின் உள்ளிரைச்சல் 25, 30 என்று இருந்தாலும் அறையின் 42-க்குக் கீழேதான். நெஞ்சில் இருப்பதால் குரலின் கூர்மை கொஞ்சம் மழுங்கும், சேலை உரசினால் கரகர என்று வரும். ஆனா வார்த்தை புரிஞ்சது. எனக்குத் தேவை அதுதான்.

அப்போ எதை வாங்கறது?

முதலில் அறையைப் பாருங்க, அப்புறம் மைக். கையைத் தட்டிப் பாருங்க. டங்கென்று திரும்பி வந்தால் அந்த அறைக்குப் பெரிய கண்டென்சர் வேண்டாம். கம்பளி, மெத்தை, துணி தொங்கவிட்டு அடக்க முடிந்தால், பாடுறவர் ஒரே இடத்தில் நிற்பார் என்றால், ஒரு அங்குல டயாஃப்ரம் மைக் அருமையா இருக்கும். வாய்க்கு ஒரு சாண் தூரம், நேரா இல்லாமல் கொஞ்சம் சாய்த்து, நடுவில் ஒரு பாப் ஃபில்டர். இல்லாவிட்டால் ஒவ்வொரு 'ப'வும் குண்டு போட்ட மாதிரி விழும். கார்டியாய்டு மைக்கை ரொம்ப நெருக்கினால் அடித்தொனி தானா கூடும். ரேடியோக் குரல் வேணும்னா சரி, பாட்டியின் மெல்லிய குரலுக்கு அது பொய்.

அறையை அடக்க முடியாது, பாடுறவருக்கு மைக் பழக்கம் உண்டு என்றால் டைனமிக் வாங்குங்க. அறையும் அடங்காது, ஆளும் மைக்குக்குப் புதுசு என்றால் கிளிப் மைக். சின்ன ரெக்கார்டர் கொடுக்கிற சில வோல்ட்டே அதுக்குப் போதும். 48 வோல்ட்டைப் போட்டால் பேட்டரி சீக்கிரம் காலியாகும், மலையில் கரண்ட்டும் எப்போ போகும்னு சொல்ல முடியாது.

மலைக்கு மட்டும் ஒரு எச்சரிக்கை: ஈரம். ராத்திரி முழுக்கக் காருக்குள் குளிர்ந்து கிடந்த மைக்கை, காலையில் விறகடுப்பு எரியற அறைக்குள் கொண்டு வந்தால் சவ்வில் நீர் படியும், படபடவென்று சத்தம் வரும். பெட்டியை மூடினபடியே அரை மணி நேரம் அறைக்குள் வைத்துவிட்டு அப்புறம் திறங்க. உள்ளே சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒண்ணு இருக்கட்டும்.

கோப்பு 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் வேவ். ஒலி ஆவணக் காப்பகங்களின் சர்வதேச சங்கமான ஐஏஎஸ்ஏ பரிந்துரைக்கிற குறைந்தபட்ச அளவு இது. உச்சம் மைனஸ் 12-க்குப் பக்கத்தில் நின்றால் போதும். பதிவு முடியற வரைக்கும் ஹெட்ஃபோனைக் கழற்றாதீங்க. முதல் தடவை நான் மீட்டரைப் பார்த்துக்கிட்டு இருந்தேன், கேட்கலை. கேட்டிருந்தால் அந்த மூணு இடத்தையும் அப்பவே திரும்பப் பாடச் சொல்லியிருப்பேன்.

மீதி

முதல் பதிவுக்கும் ரெண்டாவதுக்கும் நடுவில் ஒன்றரை வருஷம் போயிடுச்சு. வேலை, கோவிட், மழை என்று ஏதேதோ காரணம். அதுக்குள்ளே பாட்டிக்கு மூச்சு வாங்க ஆரம்பிச்சிருந்தது. பாட்டின் கடைசிப் பகுதி ஞாபகம் வரலை. "இதுக்கு மேல ஒண்ணு இருந்துச்சு சாமி, அது எங்கியோ போயிருச்சு" என்றாங்க. முதல் பதிவில் புரியாத மூணு இடத்தில் ரெண்டு அந்தக் கடைசிப் பகுதியில்தான் இருக்கு.

போன மாசம் பேத்திக்கு ஹெட்ஃபோன் போட்டு முதல் பதிவைக் கேட்க வைத்தேன். நாலஞ்சு தடவை கேட்டுட்டு, ஜீப் ஹார்ன் வர்ற இடத்து வார்த்தையைச் சொல்லிட்டாள். சாமைப் பயிரில் ஒரு பருவத்துக்கு அவங்க வீட்டில் சொல்ற பேராம். சேவல் கூவுற இடமும், பாட்டி திரும்பின இடமும் நோட்டில் இன்னும் புள்ளி புள்ளியாத்தான் இருக்கு. பாட்டியின் தங்கச்சி ஒருத்தர் மலையின் அந்தப் பக்கம் கட்டிக்கொடுத்த ஊரில் இருக்காங்களாம். அடுத்த மாசம் போறேன். கிளிப் மைக்கும் ரெண்டு செட் பேட்டரியும் பையில் எடுத்து வச்சாச்சு.