எழுத்துக்கூட்டத் தடுமாறும் பிள்ளைக்கு யார் பயிற்சி தரலாம்?

பார்வையும் செவியும் அறிவும் குறைவின்றி இருந்து, பள்ளிப் படிப்பும் ஒழுங்காகக் கிடைத்த ஒரு பிள்ளை, எழுத்தை ஒலியோடும் ஒலியை எழுத்தோடும் பொருத்துவதில் மட்டும் ஆண்டுக்கணக்கில் தடுமாறுமானால், அந்நிலையை டிஸ்லெக்சியா என்று வழங்குவர். 1887இல் ஜெர்மானியக் கண் மருத்துவர் ருடால்ஃப் பெர்லின் இப்பெயரை மூளைப் பாதிப்பால் வாசிக்கும் திறனை இழந்த பெரியவர்களுக்காக அமைத்தார். பிறவியிலேயே இக்குறை அமைந்த பதினான்கு வயதுச் சிறுவன் ஒருவனைப் பற்றி 1896இல் ஆங்கிலேய மருத்துவர் பிரிங்கிள் மார்கன் எழுதினார். இவ்வாறு மருத்துவர்கள் கண்டு சொன்ன குறையாயினும் இதற்கு மருந்து கிடையாது. சொல்லை ஒலிகளாகப் பிரிக்கவும், அவ்வொலிகளுக்கு உரிய எழுத்துகளை அறியவும் படிப்படியாக, மீண்டும் மீண்டும் கற்பிப்பதே பயன்தரும் சிகிச்சையாக இன்றுவரை நிலைத்திருக்கிறது. சிகிச்சை என்பது கற்பித்தலாகவே அமைந்துவிட்டபடியால், அதைச் செய்பவரை மருத்துவராகக் கருதி ஒழுங்குபடுத்துவதா, ஆசிரியராகக் கருதி ஒழுங்குபடுத்துவதா என்ற குழப்பம் சட்டங்களில் தலைகாட்டுகிறது.

இந்தியா இதற்கு மூன்றாவது ஒரு பெயரைக் கண்டது. 1992ஆம் ஆண்டின் இந்திய மறுவாழ்வுக் கவுன்சில் சட்டம், மருத்துவ உளவியலாளர், பேச்சு மற்றும் செவித்திறன் வல்லுநர், சிறப்பாசிரியர் முதலியோரை ‘மறுவாழ்வு வல்லுநர்’ என்ற ஒரே குடையின்கீழ்க் கொண்டுவந்தது. அங்கீகரிக்கப்பட்ட தகுதி பெற்று மத்திய மறுவாழ்வுப் பதிவேட்டில் பெயர் பதிந்தவரைத் தவிர வேறெவரும் இந்தியாவில் எங்கும் அத்தொழிலை நடத்தலாகாது என்றும், அவ்வகைச் சான்றிதழில் ஒப்பமிடலாகாது என்றும் விதித்தது. மீறுவோருக்கு ஓராண்டு வரை சிறை, அல்லது ஆயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் உண்டு. கவுன்சில் அதிகாரம் அளித்த ஒருவர் எழுத்தில் புகார் தந்தாலன்றி நீதிமன்றம் வழக்கை ஏற்காது. ஆயிரம் ரூபாய் அபராதத்துக்கு அஞ்சி ஒரு போலிப் பயிற்சி நிலையம் கதவை அடைக்கும் என்று எதிர்பார்ப்பது கடினம்.

இதைவிட ஆழமான ஓட்டை ஒன்றும் இருந்தது. 1995ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டம் ஏழு குறைபாடுகளை மட்டுமே பட்டியலிட்டது. டிஸ்லெக்சியா அவற்றுள் இல்லை. பட்டியலை இருபத்தொன்றாக விரித்த 2016ஆம் ஆண்டுச் சட்டமே ‘குறிப்பிட்ட கற்றல் குறைபாடுகள்’ என்ற தலைப்பில் அதைச் சேர்த்துக்கொண்டது. இடைப்பட்ட காலத்தில் தமிழ்நாட்டில் இப்பணியைத் தாங்கியவை, 1990களின் தொடக்கத்தில் தோன்றிய சென்னை டிஸ்லெக்சியா சங்கம் போன்ற தன்னார்வ அமைப்புகளே. வண்ணக் கண்ணாடி, கண் பயிற்சி ஆகியவற்றால் இக்குறை தீராது என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர்களும் கண் மருத்துவர்களும் 2009இல் கூட்டாக அறிவித்தபோது, இந்தியச் சட்டத்தில் இக்குறைக்குப் பெயர்கூட இல்லை.

அதே 2009இல் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலம், டிஸ்லெக்சியா பயிற்சியாளர், டிஸ்லெக்சியா சிகிச்சையாளர் என்ற இரு படிநிலைகளை வகுத்துத் தனி உரிமம் வழங்கச் சட்டம் இயற்றியது. சிகிச்சையாளராக விரும்புபவர் முதுகலைப் பட்டத்தோடு 200 மணிநேரப் பாடமும், மேற்பார்வையின்கீழ் 700 மணிநேர நேரடிப் பயிற்சியும் முடித்திருக்க வேண்டும். உரிமம் இல்லாதவர் பாடம் நடத்துவதை அச்சட்டம் தடுப்பதில்லை. உரிமம் பெற்றவர் என்று சொல்லிக்கொள்வதையே தடுக்கிறது. இந்தியச் சட்டம் தொழிலையே காக்க முற்படுகிறது, டெக்சாஸ் சட்டமோ பட்டப்பெயரை மட்டும் காக்கிறது. பார்வைக்கு முன்னதே கடுமையானது எனினும், இந்தக் குறைக்கென்று எத்தனை மணிநேரம் பயின்றவர் என்பதைப் பெற்றோருக்கு உணர்த்துவது பின்னதுதான்.

சிவகங்கை மாவட்டத்துக் கானாடுகாத்தானில் வாழும் ஒரு குடும்பத்தின் நிலையிலிருந்து பார்த்தால் இவ்வேறுபாடு விளங்கும். 1929இல் ஒரு பல்கலைக்கழகத்தையே நிறுவிய ராஜா சர் அண்ணாமலைச் செட்டியாரின் ஊர் அது. அருகிலுள்ள காரைக்குடியில் அழகப்பா பல்கலைக்கழகம் சிறப்புக் கல்விக்கென ஒரு துறையையே நடத்துகிறது. ஆயினும் பிள்ளையைச் சோதிக்க ஒருவர், பயிற்றுவிக்க ஒருவர், சான்று வழங்க மருத்துவக் குழு என்று அக்குடும்பம் பல வாயில்களை ஏறி இறங்க வேண்டும். பொதுத்தேர்வில் கூடுதல் நேரமும் சொல்வதை எழுதுபவரின் உதவியும் அந்தச் சான்றையே சார்ந்துள்ளன. அவ்வாயில்கள்கூட ஒரே சட்டத்தின்கீழ் இல்லை: மருத்துவ உளவியலாளரும் சிறப்பாசிரியரும் மறுவாழ்வுக் கவுன்சிலின் பொறுப்பு, செயல்வழிச் சிகிச்சையாளரோ 2021இல் இயற்றப்பட்ட துணை மருத்துவத் தொழில்கள் சட்டத்தின் பொறுப்பு.

பதிவேடு பேசாத மற்றொன்று மொழி. 2018இல் மத்திய அரசு வெளியிட்ட வழிகாட்டு நெறிகள் பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனத்தின் சோதனைத் தொகுப்பைக் கொண்டு கற்றல் குறைபாட்டை அளக்கச் சொல்லின. அத்தொகுப்பு பெரும்பாலும் ஆங்கில வாசிப்பை வைத்து உருவானது. இந்திய மொழிகளுக்கென மானேசரிலுள்ள தேசிய மூளை ஆராய்ச்சி மையம் உருவாக்கிய ‘டாலி’ சோதனைகள் முதலில் இந்தி, மராத்தி, கன்னடம், ஆங்கிலம் ஆகியவற்றிலேயே வந்தன. தமிழ் எழுத்தோ வேறு வகைச் சுமையைத் தருகிறது. உயிர்மெய் உட்பட 247 எழுத்துகள் உள்ள இம்மொழியில், ‘கொ’ என்று எழுதும்போது ஒலியில் பின்னால் வரும் உயிரின் குறி, மெய்க்கு முன்னும் பின்னுமாகப் பிரிந்து நிற்கிறது. ககரம் ஒன்றே ‘கல்’, ‘பங்கு’, ‘அகம்’ ஆகிய சொற்களில் மூன்று வகையாக ஒலிக்கிறது. தமிழ், கன்னடம் போன்ற அக்ஷர எழுத்து முறைகளில் குறிகளை முழுதும் கைவரப்பெறப் பிள்ளைகளுக்கு ஆண்டுகள் சில பிடிக்கும் என்பதைக் கன்னடப் பிள்ளைகளிடம் ஆராய்ந்து சொனாலி நாக் 2007இல் காட்டினார். தென்மாவட்டப் பேச்சில் ழகரம் ளகரமாக ஒலிப்பது வழக்கமாதலால், ‘பளம்’ என்று எழுதும் கானாடுகாத்தான் பிள்ளை தான் கேட்டதைப் பிழையின்றியே எழுதியிருக்கிறது. அது குறைபாட்டின் அறிகுறியா, வட்டார வழக்கின் தடமா என்று பிரித்தறியும் திறனைப் பதிவு எண் காட்டுவதில்லை. அத்திறனுக்கான தேர்வையும் எந்தச் சட்டமும் இதுவரை கேட்டதில்லை.