துரைக்கும் மேலே இருப்பவர்கள்

தோட்டத்தில் துரைதான் பெரியவர் என்று பழகிவிட்டோம். அந்தத் துரைக்குச் சம்பளம் போடும் கம்பெனியில் ஒரு நீண்ட மேசை உண்டு. அதைச் சுற்றி அமர்ந்திருப்பவர்கள்தாம் டைரக்டர்கள். எந்த நிலத்தை விற்பது, எந்தத் தொழிலில் பணத்தைப் போடுவது, தலைமை நிர்வாகியாக யாரை வைப்பது என்பதெல்லாம் அவர்கள் கையில்.

“அது நமக்கெதற்கு?” என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். உங்கள் சம்பளத்தில் நூற்றுக்கு 11 வெள்ளி ஊழியர் சேமநிதிக்குப் போகிறதல்லவா? அதில் ஒரு பகுதி பங்குச் சந்தைக் கம்பெனிகளில் கிடக்கிறது, தோட்டக் கம்பெனிகளிலும்தான். டைரக்டர் தூங்கினால் நட்டம் உங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கும் சேர்த்துத்தான்.

சைம் டார்பியைப் பாருங்கள். 1910இல் மலாக்காவில் ரப்பரை நம்பித் தொடங்கிய கம்பெனி. 1976இல் மலேசியப் பங்குதாரர்கள் திரண்டு டைரக்டர் குழுவையே மாற்றியமைத்தபோது, துன் டான் சியூ சின் தலைவரானார். 1959 முதல் 1974 வரை நாட்டின் நிதியமைச்சராக இருந்தவர். கணக்குப் புத்தகத்தைக் காட்டி அவரை மயக்க முடியுமா?

ஆனால் பெரிய பெயர் மட்டும் காவலாகிவிடாது. 2010 மே மாதம் அதே கம்பெனி, தன் எரிசக்திப் பிரிவில் 96 கோடி வெள்ளிக்கு மேல் நட்டம் என்று அறிவித்தது. பாக்குன் அணை வேலை, கட்டார் நாட்டு எண்ணெய்த் துறை வேலை என்று, செம்பனைக்கும் ரப்பருக்கும் சம்பந்தமில்லாத இடங்களில் போன பணம்! அப்போதும் மேசையில் பெரிய பெயர்களுக்குப் பஞ்சமில்லை. டைரக்டர்களில் சிலரே குழுவாக அமர்ந்து துருவிய பிறகுதான் விஷயம் வெளிவந்தது. தலைமை நிர்வாகி விடுப்பில் அனுப்பப்பட்டார்.

பால் நிறுக்கும் கிராணியே தராசையும் சோதித்தால் எப்படி இருக்கும்? அதனால்தான் மலேசியப் பங்குச் சந்தை, டைரக்டர்களில் மூன்றில் ஒரு பங்கினராவது நிர்வாகத்தோடு ஒட்டுறவு இல்லாதவர்களாக இருக்க வேண்டும் என்கிறது. அப்படிப்பட்டவரும் 12 ஆண்டுக்கு மேல் அந்தத் தகுதியில் நீடிக்க முடியாது. கணக்கைச் சோதிக்கும் குழுவில் கணக்குத் துறை தெரிந்த ஒருவராவது வேண்டும். ஒருவரே ஐந்துக்கு மேற்பட்ட பங்குச் சந்தைக் கம்பெனிகளில் டைரக்டராக அமர முடியாது. பெண் ஒருவரேனும் இருக்க வேண்டும் என்பது 2023 முதல் எல்லாக் கம்பெனிகளுக்கும் விதி. நல்ல விதி, தாமதமாக வந்தது.

என்னைக் கேட்டால் இன்னொன்றும் வேண்டும் என்பேன். சைம் டார்பியின் தோட்டப் பகுதி 2017இல் தனிக் கம்பெனியானது. 2024 முதல் எஸ்.டி. கத்ரி என்று பெயர். 2020 டிசம்பரில் கட்டாய உழைப்புப் புகாரின் பேரில் அதன் பாமாயிலை அமெரிக்கா தடுத்தது. தடை நீங்க 2023 ஆயிற்று. லயத்து வாழ்க்கை தெரிந்த ஒருவர் மேசையில் இருந்திருந்தால் அந்தக் கேள்வி முன்பே எழுந்திருக்காதா? வக்கீலும் கணக்கரும் மட்டும் போதுமா?

உங்கள் பெயரில் 100 பங்கு இருந்தாலும், ஆண்டுக் கூட்டத்தில் டைரக்டர் தேர்தலுக்கு ஒரு பங்குக்கு ஒரு வாக்கு உண்டு. இடையில் நியமிக்கப்பட்டவரும் அந்தக் கூட்டத்தில் வாக்குக்கு வந்தே ஆக வேண்டும். தபாலில் அறிக்கை வந்தாலும், பிள்ளைகள் கைப்பேசியில் எடுத்துத் தந்தாலும், படங்களைத் தாண்டி டைரக்டர்களின் விவரத்துக்குப் போங்கள். என்ன படித்தார், எங்கே வேலை பார்த்தார், வேறு எந்தக் கம்பெனிகளில் இருக்கிறார் என்று போட்டிருக்கும். ஆண்டில் எத்தனை கூட்டத்துக்கு வந்தார் என்பதும் இருக்கும். பாதிக்கு மேல் வராதவர் பதவி இழப்பார். பாதிக்குப் பாதி வந்தவர் தப்பிவிடுவார். அவருக்கு வாக்களிப்பதா என்பது உங்கள் பாடு.