சேணத்தை மல்லாத்திப் பாருங்கள்

கோவையிலிருந்து ஒரு வாசகர் கடிதம் எழுதியிருக்கிறார். மகள் குதிரையேற்றம் பழகுகிறாள். பயிற்சிப் பள்ளியில் எல்லோரும் மாறி மாறி உட்காரும் சேணத்துக்குப் பதில் அவளுக்கென்று ஒரு கன்றுத்தோல் சேணம் வாங்கித் தர ஆசை. எந்த நிறம் நல்லது, எந்த ஊர்த் தயாரிப்பு நல்லது, என்ன பாலிஷ் போடலாம் என்று மூன்று கேள்விகள் கேட்டிருக்கிறார். மகளின் உயரம், எடை, வயது எல்லாம் கடிதத்தில் உண்டு. எந்தக் குதிரைக்கு என்று ஒரு வார்த்தை இல்லை.

நிறத்தை மகளே முடிவு செய்யட்டும். மற்ற இரண்டு கேள்விகளுக்கும் பதில் சேணத்தின் அடிப்பக்கத்தில் இருக்கிறது. கடைக்காரர் சேணத்தைக் கையில் கொடுத்ததும் எல்லோரும் இருக்கையைத் தடவிப் பார்ப்பார்கள், முகர்ந்தும் பார்ப்பார்கள். புதுத் தோலின் வாசனை அப்படி. விஷயம் தெரிந்தவர் வாங்கிய கையோடு அதை மல்லாத்திப் போடுவார். குதிரையின் முதுகில் படுவது அந்தப் பக்கம்தானே.

மல்லாத்திய சேணத்தின் நடுவில் முன்னிருந்து பின்வரை ஒரு பள்ளம் ஓடும். அதன் இரு பக்கமும் நீளமான இரண்டு திண்டுகள். பள்ளம் குதிரையின் முதுகெலும்புக்கு விடப்பட்ட வழி. மூன்று நான்கு விரல் அகலம் கடைசிவரை இருக்க வேண்டும். முன்னால் அகலமாகத் தொடங்கிப் பின்னால் குறுகிப்போகும் சேணம் எவ்வளவு அழகாக இருந்தாலும் வேண்டாம். இருக்கைக்குள்ளே, கண்ணுக்குத் தெரியாமல், ஒரு சட்டம் இருக்கிறது. பீச் மரத் தகடுகளை ஒட்டி வளைத்து எஃகுப் பட்டை அடித்துச் செய்வது பழைய முறை. இப்போது செயற்கைப் பொருளிலும் வார்க்கிறார்கள். சவாரி செய்பவரின் எடையை முதுகெலும்பில் இறங்கவிடாமல் இரு பக்கச் சதையிலும் பரப்புவது இந்தச் சட்டத்தின் வேலை. அதன் முன்வளைவு குதிரையின் தோளைவிட ஒடுக்கமாக இருந்தால் சதையைக் கவ்வும். அகலமாக இருந்தால் சேணம் முன்னால் அமிழ்ந்து, கழுத்து முடிகிற இடத்தில் மேடாக நிற்கும் எலும்பில் உட்கார்ந்துவிடும்.

ஆகவே சேணத்தைக் குதிரைமேல் வைத்துப் பார்க்காமல் வாங்காதீர்கள். துணி எதுவும் போடாமல் வெறும் முதுகில் வைக்கச் சொல்லுங்கள். தோள்பட்டை எலும்புக்குப் பின்னால் அது அமர வேண்டும்; குதிரை காலை நீட்டும்போது அந்த எலும்பு பின்னோக்கிச் சரிவதால் அதற்கு இடம் வேண்டும். பின்பக்கம் கடைசி விலா எலும்பைத் தாண்டக் கூடாது. குதிரைக்கு 18 ஜோடி விலா எலும்புகள். கடைசி விலாவுக்கு அப்பால் முதுகுக்குக் கீழிருந்து தாங்க ஒன்றுமில்லை. பிறகு மகளை ஏற்றி உட்கார வைத்து, முன்வளைவுக்கும் அந்த மேட்டு எலும்புக்கும் இடையே இரண்டு மூன்று விரல் நுழைகிறதா என்று பாருங்கள். நுழையாவிட்டால் விலை எவ்வளவு குறைந்தாலும் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

திண்டுகளுக்குள் இருப்பது கம்பளி. என் சிறுவயதில் எங்கள் தெருவுக்குப் பஞ்சு அடிப்பவர் வருவார். கட்டிதட்டிப் போன இலவம்பஞ்சுத் தலையணைகளைப் பிரித்து, வில்லால் அடித்து உதறி, திரும்ப அடைத்துத் தைத்துக் கொடுப்பார். சேணத்தின் கம்பளிக்கும் அதே கதிதான். ஏறி உட்கார உட்கார அமுங்கும், வியர்வையில் முடிச்சு விழும். புதுச் சேணம் சில மாதங்களிலேயே ஒரு சுற்று இறங்கிவிடும். குதிரையும் அப்படியே இருப்பதில்லை. பயிற்சியில் சதை போடும், ஓய்வில் வற்றும், வயதானால் முதுகு குழியும். ஆண்டுக்கு ஒரு முறையாவது தெரிந்தவரிடம் காட்டிக் கம்பளியைச் சரிசெய்ய வேண்டும். நம்மூரில் ஏழெட்டு வருடமாகப் பிரிக்காத சேணங்கள் ஓடிக்கொண்டிருக்கின்றன. அழுத்திப் பார்த்தால் திண்டு செங்கல் மாதிரி இருக்கும்.

இனி தோலுக்கு வருவோம். கன்றின் தோலில் நார்கள் மெல்லியவை, நெருக்கமானவை, மயிர்த்துளைகள் பொடியானவை. அதனால் வழவழப்பும் உண்டு, காலை வழுக்கவிடாத பிடிப்பும் உண்டு. பழைய ஆங்கிலச் சேணங்களில் இருக்கைக்குப் பன்றித்தோலும் பக்க மடல்களுக்குத் தடித்த மாட்டுத்தோலும் போட்டார்கள். இன்றைய பிரெஞ்சுப் பாணியில் மாட்டுத்தோலின்மேல் கன்றுத்தோலைப் போர்த்துகிறார்கள். முதல் நாளே பல மாதம் பழகிய சேணம்போல இருக்கும். தேய்வதும் அதே வேகத்தில்தான். அங்கவடி வார் உரசும் இடம் முதலில் வெளுக்கும். தினமும் சவாரி பழகும் பெண்ணுக்கு இருக்கையும் முழங்கால் பதியும் பகுதியும் கன்றுத்தோலாக இருந்தால் போதும். மடல்கள் மாட்டுத்தோலாகவே இருக்கட்டும் என்பது என் கட்சி.

ஊர்ப் பெருமையைப் பொறுத்தவரை இங்கிலாந்தின் வால்சால் நகரத்துக்குச் சேணம்தான் முகவரி. அந்த ஊர்க் கால்பந்துக் குழுவையே சேணக்காரர்கள் என்றுதான் செல்லமாக அழைக்கிறார்கள். இன்று கைப்பைக்குப் பேர்போன ஹெர்மீஸ் 1837இல் பாரிஸில் குதிரை வார் தைக்கும் பட்டறையாகத் தொடங்கியது, இப்போதும் சேணம் தைக்கிறது. நம் நாட்டில் கான்பூர். 1860களில் ராணுவத்துக்காகத் தொடங்கிய தொழில், இன்று புவிசார் குறியீடு பெற்றிருக்கிறது. கான்பூரில் முதல்தரமான சேணமும் கிடைக்கும், சுவரில் மாட்டி அழகு பார்க்க மட்டுமே லாயக்கான சேணமும் கிடைக்கும். முத்திரையைப் பார்க்காமல் தையலைப் பாருங்கள். கைத்தையலில் ஒரே நூலின் இரு முனையிலும் ஊசி கோத்து, ஒவ்வொரு துளையிலும் எதிரெதிராக வாங்குவார்கள். ஒரு தையல் அறுந்தாலும் அடுத்தது விடாது. இயந்திரத் தையல் ஓரிடத்தில் அறுந்தால் வரிசையாகப் பிரிந்துகொண்டே போகும். உயிரைத் தாங்கும் வார்களிலாவது கைத்தையல் இருக்கட்டும்.

பதனிட்ட விதத்தையும் கேளுங்கள். வார்களுக்கும் மடல்களுக்கும் மரப்பட்டையில் பதனிட்ட தோலே நல்லது. இதில் நமக்கு ஒரு சொந்தக் கதை உண்டு. ஆவாரம்பட்டையில் ஊறவைத்துக் கடுக்காயில் முடித்த தோல் சென்னைத் துறைமுகத்திலிருந்து லண்டனுக்குக் கப்பல் கப்பலாகப் போனது. ஈஸ்ட் இந்தியா தோல் என்று அந்தச் சந்தையில் தனிப் பெயரே இருந்தது. அதற்கும் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. சாயமேற்றாத தோலின் வெட்டுவாயைப் பார்த்தால் பட்டைத் தோல் உள்ளே வரை பழுப்பாக இருக்கும், குரோமியத் தோல் நீலச் சாம்பலாகத் தெரியும். குரோமியத் தோல் கொதிநீரையும் தாங்கும். பட்டைத் தோல் தாங்காது, சுருங்கிவிடும். பராமரிப்பில் இதை நினைவில் வைக்க வேண்டும்.

அந்தத் தோலுக்கு முதல் பகை குதிரையின் வியர்வை. எனக்கு இந்த விஷயத்திலேயே மிகவும் பிடித்தது இதுதான். விலங்குகளில் பெரும்பாலானவை நம்மைப்போல் வியர்த்து உடலைக் குளிர்விப்பதில்லை. நாய் நாக்கைத் தொங்கப்போட்டு மூச்சிரைக்கும், எருமை சேற்றில் இறங்கும். மனிதனும் குதிரையும் வியர்வையை நம்பி ஓடுகிறவர்கள். வெயிலில் கடுமையாக ஓடும் குதிரை ஒரு மணி நேரத்தில் 10 லிட்டருக்கு மேலும் வியர்க்கும். ஆனால் அதற்கு ஒரு சிக்கல். நமக்கு வெறும் தோல். குதிரைக்கோ எண்ணெய்ப் பசையுள்ள, மழைநீர் ஒட்டாத ரோமம். வியர்வை முத்து முத்தாக உருண்டு கீழே விழுந்தால் உடல் எப்படிக் குளிரும்? ஆவியாக வேண்டுமானால் அது ரோமத்தின் நுனிவரை ஏறிப் பரவ வேண்டும்.

அதற்காகக் குதிரை தன் வியர்வையிலேயே சோப்பு கலந்து வைத்திருக்கிறது. லேதெரின் என்பது அந்தப் புரதத்தின் பெயர். நீரின் பரப்பு இழுவிசையைக் குறைத்து, எண்ணெய் ரோமத்திலும் வியர்வையைப் படரச் செய்கிறது. பந்தயக் குதிரையின் பின்தொடைகளுக்கு நடுவிலும் லகான் உரசும் கழுத்திலும் சேணத்தின் விளிம்பிலும் வெள்ளையாக நுரை கட்டியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். குதிரை களைத்து வாயிலிருந்து வழிந்தது என்று பலர் நினைப்பார்கள். ஈரமும் லேதெரினும் இருக்கிற இடத்தில் ஏதாவது உரசினால் நுரைக்கும், அவ்வளவுதான். குதிரையின் எச்சிலிலும் இதே புரதம் உண்டு. உலர்ந்த புல்லை நனைத்து விழுங்க உதவுகிறது. கடையில் சேணம் துடைக்கும் சோப்பு வாங்குவதற்கு முன்பே குதிரை தன் கணக்கில் சோப்பு போட்டுவிடுகிறது.

சேணத்துக்கு அந்தச் சோப்பு ஆகாது. குதிரையின் வியர்வையில் நம் வியர்வையைவிட உப்பு அதிகம், காரத்தன்மையும் கொண்டது. பட்டையில் பதனிட்ட தோலோ இலேசான அமிலத்தன்மை உள்ளது. தினமும் காரமும் உப்பும் ஊறினால் பதனிட்ட பதம் மெல்ல மெல்லக் கெட்டு, தோல் வறண்டு வெடிக்கும். வெடிப்பு தொடங்குவது வியர்வை நேரே படும் அடிப்பக்கத்தில். நாம் பாலிஷ் போட்டு மினுக்குவது மேல்பக்கத்தை.

அதே வியர்வையால் ஒரு உபகாரமும் உண்டு. சவாரி முடிந்து சேணத்தை எடுத்ததும் குதிரையின் முதுகைப் பாருங்கள். ஈரம் இரு பக்கமும் ஒரே மாதிரி பரவியிருக்க வேண்டும். அந்த ஈரத்துக்கு நடுவில் உள்ளங்கை அளவு காய்ந்த திட்டு இருந்தால் இரண்டில் ஒன்று: அங்கே திண்டு படவே இல்லை, அல்லது வியர்வைச் சுரப்பியே வேலை செய்யாத அளவுக்கு அழுத்துகிறது. கையால் தடவும்போது குதிரை முதுகை நெளித்தால் இரண்டாவதுதான். அந்த அழுத்தம் தொடர்ந்தால் ரத்த ஓட்டம் குறைந்து, மயிர்க்கால்களில் நிறம் தரும் செல்கள் அழியும். பிறகு அந்த இடத்தில் வெள்ளை முடிதான் முளைக்கும், பெரும்பாலும் கடைசிவரை.

ஒரு மலைவாசஸ்தலத்தில், ஏரிக்கரைச் சவாரிக் குதிரை ஒன்றின் சேணத்தை இறக்கியபோது பக்கத்தில் நின்றேன். செம்பழுப்புக் குதிரை. மேட்டு எலும்பின் இரு பக்கமும் எலுமிச்சம்பழ அளவில் இரண்டு வெள்ளைத் திட்டுகள். ஒன்றின் நடுவில் முடியே இல்லை, தடித்துக் காய்ந்த தோல். சேணத்துக்கு அடியில் மடித்த கோணிச்சாக்கு. வரிசையில் நின்ற ஒரு குழந்தை, குதிரைக்குப் பொட்டு வைத்திருக்கிறார்கள் என்று சந்தோஷப்பட்டது. அந்தக் குதிரைக்காரரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அன்றைய வரும்படியில் கொள்ளு வாங்கவே திண்டாட்டம். ஆனால் பிறந்தநாளுக்குச் சேணம் வாங்கித் தர வசதியுள்ளவர்களின் குதிரைகளிலும் இதே திட்டுகளைப் பார்க்கிறேன். அதை என்னவென்று சொல்வது? 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டுக் கரைக்கு வந்த மார்கோ போலோ, இங்கே ஆண்டுதோறும் கப்பலில் குதிரைகளை வாங்கிக் குவிக்கிறார்கள், பராமரிக்கத் தெரியாமல் சாகவிடுகிறார்கள் என்று எழுதிவைத்துப் போனார். மிகைப்படுத்தியிருக்கலாம். ஆனால் வாங்கும்போது இருக்கும் உற்சாகம் பராமரிப்பில் நமக்கு இருப்பதில்லை என்பதை எதை வைத்து மறுப்பது என்று தெரியவில்லை.

பராமரிப்பு ஒன்றும் பெரிய வித்தை இல்லை. சேணத்தை இறக்கியதும், வியர்வை காய்வதற்குள், ஈரத்துணியால் அடிப்பக்கத்தைத் துடையுங்கள். பிறகு கிளிசரின் கலந்த சேணச் சோப்பைப் பிழிந்த ஸ்பாஞ்சில் தேய்த்துப் பூசுங்கள். நுரை வந்தால் தண்ணீர் அதிகம் என்று அர்த்தம். துணி சோப்பும் பாத்திரம் துலக்கும் திரவமும் வேண்டவே வேண்டாம். ஷூ பாலிஷும் வேண்டாம். தோலின் துளைகளை அடைக்கும், மகளின் கால்சட்டையிலும் ஒட்டும். நனைந்த சேணத்தை வெயிலில் காயவைப்பது நம் ஊரில் அதிகம் நடக்கும் அநியாயம். ஈரமான பட்டைத் தோல் சூட்டில் சுருங்கி விறைக்கும், பிறகு எந்த எண்ணெயும் அதை மீட்காது. நிழலில், காற்றில் ஆறட்டும்.

எண்ணெய் என்றால் மாட்டின் கால் எலும்பை வேகவைத்து எடுக்கும் எண்ணெய்தான் மேல்நாட்டு வழக்கம். உடலின் மற்ற இடங்களைவிடக் கால்கள் குளிர்ந்தே இருப்பதால் அங்கேயுள்ள கொழுப்பு எளிதில் உறையாது. தோலுக்குள் நன்றாக இறங்கும். ஆண்டுக்கு ஓரிரு முறை, மெல்லிய பூச்சாக. கன்றுத்தோலுக்கு இன்னும் குறைவாக. வாரம் ஒருமுறை எண்ணெய்க்குளியல் கொடுத்தால் தோல் தொளதொளத்து, வார்கள் நீண்டு, தையல் நூலும் இற்றுப்போகும். தேங்காய் எண்ணெய் தடவினால் கரப்பானும் எலியும் விருந்துக்கு வரும். ஐப்பசி, கார்த்திகை மழையில் பூஞ்சை பிடிக்காமலிருக்கச் சேணத்தைப் பிளாஸ்டிக் உறையில் கட்டிவைக்காதீர்கள். பழைய வேட்டியால் மூடிக் காற்றோட்டமான அறையில் தாங்கியின்மேல் வையுங்கள்.

பழைய சேணம் வாங்குவதானால் முன்வளைவையும் பின்மேட்டையும் இரு கையால் பிடித்து அழுத்துங்கள். இருக்கையில் சுருக்கம் விழுந்தாலோ உள்ளே கிறீச்சென்றாலோ சட்டம் உடைந்திருக்கலாம், கீழே வையுங்கள். வாங்கிய பிறகு மகளுக்கு இரண்டு விஷயம் சொல்லிக் கொடுங்கள். அங்கவடி வார் மாட்டும் இரும்புக் கொக்கியின் முனையை எப்போதும் திறந்தே வைக்க வேண்டும், விழும்போது கால் சிக்கினால் வார் கழன்று வருவதற்காக. மடலுக்கு அடியில் வயிற்றுவாரைப் பூட்ட மூன்று பட்டைகள் இருக்கும். முதலாவதை ஒரு நாடாவிலும் மற்ற இரண்டையும் வேறொரு நாடாவிலும் தைப்பது வழக்கம். முதலாவதையும் மற்ற இரண்டில் ஒன்றையும் பூட்டினால், சவாரி நடுவில் ஒரு நாடா அறுந்தாலும் இன்னொன்று பிடித்துக்கொள்ளும்.