கண்ணாடியில் ஊர்வது எது?

கடையில் வாங்கிய நீர்ச்செடியை மீன்தொட்டியில் நட்டால், கொஞ்ச நாளில் கண்ணாடியில் நத்தைக் குஞ்சுகள் ஊரத் தொடங்கும். பதறிப்போய் மருந்து கேட்பவர்களிடம் நான் முதலில் கேட்பது: என்ன நத்தை என்று பார்த்தீர்களா?

பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டும் கைலென்ஸ் ஒன்று வைத்திருக்கிறேன். அது போதும். கூட்டின் கூர்முனை மேலேயும் வாய் நம்மைப் பார்த்தும் இருக்கும்படி நத்தையைப் பிடியுங்கள். வாய் இடப்பக்கம் இருந்தால் பிளாடர் நத்தை. வலப்பக்கம் இருந்து, உணர்கொம்பு முக்கோணமாக அகன்றிருந்தால் குளத்து நத்தை. தட்டையாகச் சுருண்டிருப்பது ராம்ஸ்ஹார்ன். அதன் ரத்தத்தில் நமக்குப்போலவே ஹீமோகுளோபின் உண்டு. கறுப்பு நிறமி இல்லாதவை அதனால்தான் செக்கச்செவேலென்று தெரிகின்றன. நீண்ட கூம்பாக இருப்பது டிரம்பெட் நத்தை. பகலில் மணலுக்குள் புதைந்து கிடந்து இரவில் வெளியே வரும். ஆண் துணையே இல்லாமல் குட்டி போடும் என்பதால், ஒன்று வந்தாலே பெருகிவிடும். மணலைக் கிளறி விடுகிறதே என்று நான் அதை எடுப்பதில்லை.

ஊர்வது புழுவாக இருந்தால் தலையைப் பாருங்கள். முக்கோணத் தலையும் இரண்டு கண்புள்ளிகளும் இருந்தால் பிளனேரியா. இறால் வளர்ப்பவர்கள் கவனிக்க வேண்டும். வெறும் வெள்ளை நூலாக நெளிபவை கழிவைத் தின்பவை, தொல்லையில்லை.

எனக்குப் பிடித்தது, கைகளை விரித்துக் கண்ணாடியில் ஒட்டியிருக்கும் ஹைட்ரா. ஒரு சென்டிமீட்டர்கூட இருக்காது. அதன் கை ஒன்றில் சைக்ளாப்ஸ் என்ற நுண்ணிய நீர்வாழ் உயிரி உரசியதைப் பார்த்திருக்கிறேன். துடித்தது, ஓய்ந்தது, மெல்ல வாய்க்குள் போனது. ஃபைட்டர் மீனின் பொடிக் குஞ்சுக்கும் அதே கதிதான். ஹைட்ராவைத் தொட்டிக்குள் வைத்து நசுக்காதீர்கள். துண்டுகள் மறுபடி வளரும் என்று 1740களிலேயே ஆபிரகாம் டிரெம்பிளே வெட்டிப் பார்த்துக் காட்டிவிட்டார்.

அந்த சைக்ளாப்ஸ் வெறும் கண்ணுக்குத் துள்ளும் வெள்ளைப் புள்ளி. லென்ஸில் நடுநெற்றியில் ஒரே கண். பெண்ணாக இருந்தால் வாலின் இருபுறமும் முட்டைப் பைகள். படிக்கிணற்றுத் தண்ணீரில் நரம்புச் சிலந்திப் புழுவைச் சுமந்து மனிதருக்குள் கொண்டுபோனது இந்த இனம்தான். 2000இல் இந்தியா அந்தப் புழுநோய் இல்லாத நாடாக அறிவிக்கப்பட்டது. தொட்டியில் அது மீன்குஞ்சுக்கு நல்ல இரை.

நத்தையை ஒழிக்கத் தாமிரம் கலந்த மருந்தை ஊற்றினால் நத்தையோடு இறாலும் சாகும். செத்த நத்தைகள் அழுகி அம்மோனியா ஏறினால் மீனும் சாகும். நத்தை பெருகுவது மிஞ்சும் தீனியால். இரண்டு நிமிடத்தில் மீன்கள் தின்று தீர்ப்பதற்குமேல் போடாதீர்கள்; நத்தை தானாகக் குறையும்.