தரை தொடாக் கால்கள்

சுபாங் ஜெயாவின் அடுக்குமாடிக் குடியிருப்புகளில் உள்ள நீச்சல் குளங்களில், மாலை வேளையில் பிள்ளைகள் பந்து வீசி விளையாடுவதைக் காணலாம். பெரும்பாலோர் கால்களைத் தரையில் ஊன்றிக்கொண்டுதான் பந்தை வீசுவர். நெஞ்சளவு நீரில் அது இயல்பே. அதே விளையாட்டை இரண்டு மீட்டர் ஆழத்தில் ஆட நேர்ந்தால் எப்படி இருக்கும்? கால் தரையில் படக்கூடாது. குளத்தின் சுவரைப் பிடித்து இளைப்பாறவும் இயலாது. எதிரணி விளையாட்டாளர் ஒருவர் தோளை அழுத்திக்கொண்டே இருப்பார். வாட்டர் போலோ என்று அழைக்கப்படும் நீர்ப்பந்தாட்டம் அத்தகையது.

மலேசியாவில் காற்பந்து, பூப்பந்து, வலைப்பந்து போன்று இவ்வாட்டம் பரவலாக ஆடப்படுவதில்லை. எனினும், இது நமக்கு முற்றிலும் அயலானதும் அன்று. 2017ஆம் ஆண்டு கோலாலம்பூரில் சீ விளையாட்டுப் போட்டி நடந்தபோது, சுபாங் ஜெயாவிலிருந்து அதிகத் தொலைவில்லாத புக்கிட் ஜாலில் தேசிய நீர் விளையாட்டு மையத்தில் ஆண், பெண் இருபாலருக்கும் நீர்ப்பந்தாட்டம் நடைபெற்றது.

ஓர் அணியில் இலக்குக் காவலர் உட்பட எழுவர் நீரில் இருப்பர். ஆட்டம் எட்டு எட்டு நிமிடங்களாக நான்கு பகுதிகளைக் கொண்டது. பந்து ஆட்டத்தில் இல்லாத வேளைகளில் கடிகாரம் அடிக்கடி நிறுத்தப்படுவதால், ஆட்டம் முடிய ஒரு மணி நேரத்திற்கும் மேலாகும். பெண்களுக்கான பந்து ஆண்களின் பந்தைவிடச் சற்றுச் சிறியது. ஆனாலும், அதை ஒரே கையால்தான் பிடிக்கவும் வீசவும் வேண்டும். இரு கைகளையும் பயன்படுத்தும் உரிமை இலக்குக் காவலருக்கு மட்டுமே உண்டு. ஆட்டம் தொடங்குமுன் நடுவர்கள் விளையாட்டாளர்களின் விரல் நகங்களைச் சோதிப்பர். நீருக்கு மேலே தெரிவதைவிட நீருக்கடியில் நடக்கும் பிடியும் இழுப்பும் உதையும் அதிகம் என்பதை இச்சிறிய வழக்கமே உணர்த்திவிடும்.

இவ்வாட்டத்தின் அடிப்படை கைகளில் இல்லை; கால்களில்தான் இருக்கிறது. முட்டையை அடித்துக் கலக்கும் கருவியின் இரு கம்பிச் சுருள்கள் எதிரெதிராகச் சுழல்வதைப் பார்த்திருப்போம். நீர்ப்பந்தாட்ட விளையாட்டாளர் தம் முழங்கால்களை அகற்றி வைத்து, இரு கால்களையும் அவ்வாறே மாறிமாறிச் சுழற்றுகிறார். சாதாரண நீச்சல் உதையில் உடல் மேலெழும், பிறகு தாழும். இந்தச் சுழற்சியிலோ ஒரு கால் ஓயும் கணத்தில் மறு கால் தாங்கிக்கொள்வதால் உடல் ஒரே உயரத்தில் நிற்கும். கால்கள் வலுவாக இயங்கினால் இடுப்பு வரையிலும்கூட நீருக்கு மேலே எழலாம். அந்த ஒரு கணத்தில்தான் பந்து இலக்கை நோக்கிப் பாய்கிறது. இத்திறன் சில மாதங்களில் வருவதன்று. சிறு வயதிலேயே தொடங்கினால்தான் கால்கள் சிந்தனையின் துணையின்றித் தாமாகவே சுழலும்.

அமெரிக்காவின் மேகி ஸ்டெஃபன்ஸுக்கு அந்த வாய்ப்பு வீட்டிலேயே அமைந்தது. 1993ஆம் ஆண்டு கலிபோர்னியாவில் பிறந்த அவருடைய தந்தை போர்ட்டோ ரிக்கோ நாட்டு அணிக்காக நீர்ப்பந்தாட்டம் ஆடியவர். அக்காள் ஜெசிகா 2008ஆம் ஆண்டு பெய்ஜிங் ஒலிம்பிக்கில் வெள்ளிப் பதக்கம் வென்ற அணியில் இடம்பெற்றவர். நான்கு ஆண்டுகளுக்குப் பின் இலண்டனில் அக்காளும் தங்கையும் ஒரே அணியில் நீரில் இறங்கினர்.

அப்போது மேகிக்கு வயது 19. ஹங்கேரிக்கு எதிரான முதல் ஆட்டத்திலேயே அவர் 7 கோல்களைப் போட்டார். அமெரிக்கா 14-13 என்று நூலிழையில் வென்றது. ஸ்பெயினுக்கு எதிரான இறுதியாட்டத்தில் அமெரிக்கா போட்ட 8 கோல்களில் 5 அவருடையவை. அந்த ஒலிம்பிக்கில் அவர் போட்ட மொத்த கோல்கள் 21. பெண்கள் பிரிவில் வேறு எவரும் அத்தனை கோல்களைப் போடவில்லை. தொடர்ந்து ஸ்டான்ஃபர்ட் பல்கலைக்கழகத்தில் பயின்றுகொண்டே ஆடிய அவர், 2016ஆம் ஆண்டு ரியோவில் அணித்தலைவராக இருந்து இரண்டாவது தங்கத்தைப் பெற்றுத் தந்தார். ஓராண்டு தள்ளிப்போய் 2021இல் நடந்த தோக்கியோ ஒலிம்பிக்கின் முதல் ஆட்டத்தில் அவருடைய மூக்கு உடைந்தது. அவர் விலகவில்லை. அதே ஒலிம்பிக்கில் இத்தாலியின் தானியா டி மாரியோ நான்கு ஒலிம்பிக்குகளில் சேர்த்த 47 கோல்கள் என்ற சாதனையைக் கடந்தார். மூன்றாவது தங்கமும் அவரது கழுத்தில் விழுந்தது.

தானியாவின் சாதனையும் மேகியின் சாதனையும் இவ்வளவு அண்மைக் காலத்தவையாக இருப்பதற்கு ஒரு காரணம் உண்டு. ஆண்களின் நீர்ப்பந்தாட்டம் 1900ஆம் ஆண்டு பாரிஸ் ஒலிம்பிக்கிலேயே இடம்பெற்றுவிட்டது. பெண்களுக்கு அந்த வாயில் திறக்க நூறு ஆண்டுகள் ஆயின. அதுவும் தானாகத் திறக்கவில்லை. 2000ஆம் ஆண்டு ஒலிம்பிக்கைச் சிட்னி நடத்தவிருந்த வேளையில், ஆஸ்திரேலிய வீராங்கனைகள் தங்களையும் சேர்க்க வேண்டுமென்று விடாது குரல் கொடுத்தனர். ஒலிம்பிக் அதிகாரிகள் சிட்னி விமான நிலையத்தில் வந்து இறங்கியபோது நீச்சலுடையுடன் சென்று எதிர்கொண்டு, தங்கள் கோரிக்கையை அவர்கள் கண்முன் வைத்தனர். இறுதியில் ஆறே அணிகளுடன் பெண்கள் பிரிவு சேர்க்கப்பட்டது. இறுதியாட்டத்தில் ஆஸ்திரேலியாவும் அமெரிக்காவும் மோதின. ஆட்டம் முடிய ஏறத்தாழ ஒரு வினாடியே எஞ்சியிருந்தபோது இவெட் ஹிகின்ஸ் எறிந்த பந்து வலைக்குள் புகுந்தது. ஆஸ்திரேலியா 4-3 என்று வென்றது. வாயிலைத் தட்டியவர்களுக்கே முதல் தங்கம் கிட்டியது பொருத்தம்தான்.

ஒலிம்பிக்கில் இடம் கிடைத்தது; வருமானம் அவ்வளவு எளிதில் கிடைத்துவிடவில்லை. காற்பந்து விளையாட்டாளர் ஒருவர் உலகத் தரத்தை எட்டினால் கோடிக்கணக்கில் ஈட்டலாம். நீர்ப்பந்தாட்டத்தில் உலகின் முதல் நிலை அணியில் இருந்தாலும் பலருக்கு வேறு வேலை தேவைப்படுகிறது. 2024ஆம் ஆண்டு மே மாதம், மூன்று தங்கப் பதக்கங்களுக்குச் சொந்தக்காரரான மேகி இதைச் சமூக ஊடகத்தில் வெளிப்படையாக எழுதினார். ஒலிம்பிக் வீரர்கள் பலர் தங்கள் கனவைத் தொடர இரண்டாவது, மூன்றாவது வேலையும் பார்க்கின்றனர் என்று குறிப்பிட்டு ஆதரவு வேண்டினார். எதிர்பாராத திசையிலிருந்து பதில் வந்தது. பெரிய கடிகாரத்தைக் கழுத்தில் தொங்கவிட்டுப் பாடும் ராப் இசைக் கலைஞர் ஃபிளேவர் ஃபிளேவ், ஒரு பெண்ணின் தந்தை என்ற முறையில் உதவ முன்வந்தார். பிறகு அமெரிக்க நீர்ப்பந்தாட்ட அமைப்புடன் ஐந்தாண்டு ஆதரவு ஒப்பந்தமும் செய்துகொண்டார். ஒரு பாடகரின் கண்ணில் அந்தப் பதிவு படாமல் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற கேள்வி எழாமல் இல்லை.

அவ்வாண்டு பாரிஸ் ஒலிம்பிக்கில் அந்தக் கலைஞர் பார்வையாளர் பகுதியில் எழுந்து நின்று ஆரவாரம் செய்தார். மேகிக்கு அது நான்காவது ஒலிம்பிக். தொடர்ந்து நான்காம் முறையாகத் தங்கம் வெல்ல வேண்டும் என்பது அணியின் இலக்கு. அரையிறுதியில் ஆஸ்திரேலியாவுடன் ஆட்டம் சமநிலையில் முடிந்து, தண்ட எறிதலில் அமெரிக்கா தோற்றது. வெண்கலத்திற்கான ஆட்டத்தில் முன்னணியில் இருந்தும், நெதர்லாந்து கடைசி வினாடிகளில் போட்ட கோலால் 10-11 என வீழ்ந்தது. பன்னிரண்டு ஆண்டுகளில் முதன்முறையாக, பதக்கம் ஏதுமின்றி மேகி ஒலிம்பிக் குளத்தை விட்டு ஏறினார். தங்கப் பதக்கம் ஸ்பெயினுக்குச் சென்றது.

பாரிஸில் ஆண்கள் பிரிவில் 12 அணிகளும் பெண்கள் பிரிவில் 10 அணிகளும் ஆடின. 2028ஆம் ஆண்டு லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் பெண்கள் பிரிவிலும் 12 அணிகள் இடம்பெறும் என்று அனைத்துலக ஒலிம்பிக் மன்றம் 2025ஆம் ஆண்டு ஏப்ரலில் அறிவித்தது.