வயிற்றைப் பார்த்து வாங்குங்கள்!

ராஸ்தா பேட்டையானாலும் கட்கியானாலும், நம்மவர் வீட்டில் கண்ணாடித் தொட்டி ஒன்று இருந்தால் அதன் மூலையில் புள்ளி போட்ட கெளுத்தி ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கும். கடைக்காரர் அதைச் 'சக்கர்' என்பார். 'டாங்க் கிளீனர்' என்றும் சொல்வார். பாசியைத் தின்று தொட்டியைத் துப்புரவாக வைக்கும் என்று விரல் நீளக் குஞ்சைப் பையில் போட்டுக் கொடுப்பார். எந்தச் சக்கர் என்று யாரும் கேட்பதில்லை. ஆனால் அந்த ஒரே பெயரில் விற்கப்படுபவை ஒரே மீன் அல்ல.

பழைய புத்தகங்களில் இதற்கு ஹைப்போஸ்டோமஸ் என்று பெயர் போட்டிருக்கும். கடைகளுக்கு வருவதோ பெரும்பாலும் டெரிகோப்ளிக்திஸ் என்ற வேறு இனம். இரண்டுக்கும் தாயகம் தென் அமெரிக்காதான். முதுகுத் துடுப்பை விரிக்கும்போது, முன்னால் உள்ள தடித்த முள்ளை விட்டுவிட்டு மற்ற முட்களை எண்ணினால் வித்தியாசம் தெரிந்துவிடும். ஹைப்போஸ்டோமஸுக்கு ஏழு; டெரிகோப்ளிக்திஸுக்குப் பெரும்பாலும் பத்துக்கு மேல். இந்த வேலையைப் பிள்ளைகளிடம் விட்டால் பெரியவர்களைவிடச் சீக்கிரம் எண்ணிவிடுவார்கள்!

அடுத்தது வயிறு. மீனைப் பிடித்துப் புரட்ட வேண்டியதில்லை. கண்ணாடியில் ஒட்டும்போது தானே காட்டும். தனித்தனிக் கரும்புள்ளிகள் இருந்தால் அது பர்டாலிஸ், அமேசான் ஆற்று மீன். புள்ளிகள் ஒன்றோடொன்று சேர்ந்து புழு நெளிந்தாற்போல் கோடு கோடாக இருந்தால் டிஸ்ஜங்டிவஸ், மடெய்ரா ஆற்றைச் சேர்ந்தது. இவ்விரண்டும் கலந்து பிறந்தவையும் உண்டு. அவற்றின் வயிற்றில் பாதி புள்ளி, பாதி கோடு. அங்கே நிபுணர்களே தயங்குகிறார்கள். குஞ்சுகளிலும் கோலம் தெளிந்திராது.

பெயர் எதுவானால் என்ன என்று கேட்கலாம். இந்த விரல் நீளக் குஞ்சு ஒன்றரை அடி வரை வளரும். வளர்ந்தபின் அது துடைக்கும் பாசியைவிடப் போடும் கழிவே அதிகம். தொட்டி கொள்ளாமல் போனதும், கொல்ல மனமில்லாதவர்கள் கணபதியைக் கரைப்பதுபோல் அதை ஆற்றில் விட்டுவிடுகிறார்கள்.

முத்தா ஆறு சங்கத்தில் முளாவுடன் கூடி, பீமாவில் விழுந்து, உஜனி அணைக்குப் போகிறது. தவுண்ட் தாண்டி பிக்வண் ஸ்டேஷனில் இறங்கினால் அந்த நீர்ப்பரப்பு அதிகத் தூரமில்லை. அங்குள்ள மீனவர் வலைகளில் இன்று சக்கர் சிக்குகிறது. உடம்பெல்லாம் எலும்புத் தகடும் முள்ளுமாதலால் வலை கிழிகிறது. பிடித்ததை வாங்க ஆளுமில்லை. கரையில் வளை தோண்டி முட்டையிடும். தண்ணீருக்கு வெளியே எடுத்துப் போட்டாலும் மணிக்கணக்கில் சாகாது. திருவனந்தபுரம் சாக்கை வாய்க்காலிலும், கல்கத்தாவின் கிழக்குச் சதுப்பு நிலத்திலும் இதே கதைதான். ஆந்திராவில் இதற்குப் 'பேய் மீன்' என்றே பெயர் வைத்துவிட்டார்கள்.

பாசிக்குத்தான் மீன் வேண்டுமென்றால் 'பிரிஸில்நோஸ்' கேட்டு வாங்கலாம். இதற்கும் துடுப்பில் ஏழு முள்தான். ஆனால் சாதாரண வகையில் கரிய உடம்பில் வெளிர் புள்ளிகள் இருக்கும். வளர்ந்த ஆணின் மூக்கில் மீசைபோல் தசை முளைக்கும். ஐந்து அங்குலத்தோடு வளர்ச்சி நின்றுவிடும். பாசி தீர்ந்தால் வெள்ளரித் துண்டு போதும்.

ஏற்கெனவே பெரிய சக்கர் வைத்திருப்பவர்கள் அதைக் கடையில் திருப்பிக் கொடுத்துப் பார்க்கலாம். பெரிய தொட்டி உள்ளவருக்கும் கொடுக்கலாம். ஆற்றிலோ, பாஷாண் ஏரியிலோ, வீட்டுப் பக்கத்து நாலாவிலோ மட்டும் விடக் கூடாது. நாலாவும் ஆற்றில்தான் போய்ச் சேருகிறது.